194 நாள் வரை சரி, 195இல் ரிவர்ட்: சாலிடிட்டியில் வகை மாற்றம் எந்த இடத்தில் நிகழ்கிறது?

ஏரிக்கரை (அல்சூர்) | சனி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டு அட்வான்ஸை ஒரு ஸ்மார்ட் காண்ட்ராக்டில் (பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல்) பூட்டி வைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் குடியிருந்தவருக்கே திருப்பிக் கொடுக்கும் சிறு நிரல் ஒன்றை, எத்தீரியத்துக்கான நிரல்மொழியான சாலிடிட்டியில் எழுதி வருகிறேன். வீட்டைக் காலி செய்த பிறகு அட்வான்ஸுக்காக மாதக்கணக்கில் நடந்த அனுபவம் பெங்களூரில் எனக்கு மட்டும் வாய்த்ததன்று என்பதால், இதை ஏன் எழுதுகிறேன் என்று விளக்கத் தேவையில்லை என நினைக்கிறேன். செபோலியா சோதனை வலையமைப்பில்தான் ஓடுகிறது. உண்மைப் பணம் ஏதும் இல்லை.

ஒப்பந்த நாட்களின் எண்ணிக்கையை யூஇன்ட்16 (16 பிட் அகலமுள்ள, குறியில்லாத முழு எண்) வகையில் வாங்குகிறேன். முடிவு நேரத்தைக் கணக்கிடும் வரி இது (ப்ளாக்.டைம்ஸ்டாம்ப் என்பது நொடிக்கணக்கில் இப்போதைய நேரம், 1 டேஸ் என்பது ஒரு நாள்):

யூஇன்ட்256 முடிவு = ப்ளாக்.டைம்ஸ்டாம்ப் + நாட்கள் * 1 டேஸ்;

30, 90, 180 ஆகிய மூன்றையும் கொடுத்துப் பார்த்தேன், சரியாக வந்தன. இங்கே வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தத்துக்காக 330 என்று கொடுத்தவுடன் பரிவர்த்தனை ரிவர்ட் ஆகிவிட்டது, அதாவது முழுவதும் ரத்தாகிவிட்டது. இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடியதில், 194 வரை ஓடுவதும் 195இல் நின்றுவிடுவதும் தெரிந்தது. யூஇன்ட்16 வகை 65,535 வரை தாங்கும். விடையை வாங்கும் மாறியோ யூஇன்ட்256. இரண்டுக்கும் நடுவில் 195 என்ற எண்ணுக்கு என்ன வேலை? பேனிக் எனும் பிழைக் குறியீடு 17, அதாவது ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) 11, என்று வருகிறது. கம்பைலர் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) 0.8 வரிசையைச் சேர்ந்தது.

சில்க்போர்டுசிக்னல் | சனி, இரவு 9.24

எல்லா மாறிகளையும் யூஇன்ட்256 ஆக்கிவிடுங்கள் அண்ணா, பிரச்சினை தீர்ந்துவிடும். காரணத்தைப் பெரியவர்கள் வந்து சொல்லட்டும்.

வெள்ளைக்களம் (வைட்ஃபீல்ட்) | சனி, இரவு 10.02

பேனிக் 17 என்பது கணக்கு, வகையின் எல்லையைத் தாண்டிவிட்டது என்பதற்கான குறியீடு. எந்த வகையின் எல்லை என்பதுதான் உங்கள் கேள்வி. நீங்கள் எழுதிய யூஇன்ட்16-உம் அன்று, யூஇன்ட்256-உம் அன்று. நீங்கள் எங்குமே எழுதாத யூஇன்ட்24.

1 டேஸ் என்பது சாலிடிட்டிக்கு 86,400 என்ற வெறும் எண்தான். மாறியோடு சேராத வரைக்கும் அப்படிப்பட்ட எண்ணுக்கு அகலம் என்று ஒன்று கிடையாது. கம்பைலர் அதைத் துல்லியக் கணக்காகவே வைத்திருக்கும். ஆனால் ஒரு மாறியோடு பெருக்கும்போது அதற்கு ஒரு வகை வேண்டியிருக்கிறது. அப்போது கம்பைலர், அந்த எண் அடங்கக்கூடிய மிகச் சிறிய வகையைத் தேர்ந்தெடுக்கிறது. 86,400 என்பது 65,535ஐத் தாண்டுவதால் யூஇன்ட்16 போதாது. அடுத்த படி யூஇன்ட்24. இப்போது யூஇன்ட்16 ஒரு பக்கம், யூஇன்ட்24 மறுபக்கம். இரண்டில் அகலமானது யூஇன்ட்24 என்பதால் பெருக்கல் முழுவதும் அதற்குள்ளேயே நடக்கிறது. அதன் உச்சம் 1,67,77,215. 194ஐ 86,400ஆல் பெருக்கினால் 1,67,61,600, மயிரிழையில் அடங்கிவிடுகிறது. 195ஐப் பெருக்கினால் 1,68,48,000. கதை முடிந்தது.

இடப்பக்கத்தில் யூஇன்ட்256 இருக்கிறதே என்று கேட்பீர்கள். விடையை எந்தப் பாத்திரத்தில் ஊற்றப் போகிறோம் என்பதைப் பார்த்துக் கம்பைலர் கணக்குப் போடுவதில்லை. பெருக்கலின் இரு பக்கமும் என்ன வகை என்பதை மட்டும் பார்க்கிறது. பெருக்கி முடித்து, கூட்டலுக்கு வரும்போதுதான் யூஇன்ட்256 நுழைகிறது. அதற்குள் வெடித்துவிட்டது. ஆகவே, மாற்றத்தைப் பெருக்கலுக்கு முன்னால் செய்ய வேண்டும்:

யூஇன்ட்256(நாட்கள்) * 1 டேஸ்

யூஇன்ட்256(நாட்கள் * 1 டேஸ்) என்று வெளியே போட்டால் பயனில்லை. அடைப்புக்குறி ஒரு சொல் தள்ளிப் போனால் பொருளே மாறிவிடுகிறது. அல்லது, ஒரு நாள் என்பதை யூஇன்ட்256 வகையில் ஒரு மாறிலியாக அறிவித்து, அதைக்கொண்டு பெருக்குங்கள். எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும், ஏனெனில் பத்து இடங்களில் வார்ப்பு (இப்படிக் கைப்பட வகை மாற்றுவது) எழுதினால் பதினோராம் இடத்தில் மறந்துவிடுவோம்.

ஏரிக்கரை | சனி, இரவு 10.31

மிக்க நன்றி ஐயா. மாறிலியாக அறிவித்தேன், 330 ஓடுகிறது. நான் சோதித்த 30, 90, 180 மூன்றும் 194க்குக் கீழே இருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இதே வரி பழைய கம்பைலரில் என்ன ஆகியிருக்கும்?

வெள்ளைக்களம் | சனி, இரவு 10.44

2020 டிசம்பரில் வந்த 0.8.0க்கு முந்தைய கம்பைலராக இருந்திருந்தால் ரிவர்ட் ஆகியிருக்காது. 2,85,12,000 நொடி என்ற விடையிலிருந்து 1,67,77,216 கழிந்து, 1,17,34,784 நொடி மட்டும் மிஞ்சியிருக்கும். அது 135 நாளும் 19 மணி 39 நிமிடமும். 11 மாத ஒப்பந்தம் நாலரை மாதத்தில் முடிந்துவிட்டதாகக் காண்ட்ராக்ட் நம்பி, அட்வான்ஸைத் திறந்துவிட்டிருக்கும். இன்று உங்களுக்குக் கிடைத்த ரிவர்ட் ஒரு கொடுப்பினை.

சோதனை விஷயத்தில் வெட்கப்பட வேண்டாம். ஆனால் ஃபவுண்ட்ரி என்ற சோதனைக் கருவியில் யூஇன்ட்16 உள்ளீடாக ஒரு ஃபஸ் சோதனை (கண்டபடி எடுத்த பல மதிப்புகளைத் தானே கொடுத்துப் பார்ப்பது) எழுதியிருந்தால், முதல் சில முயற்சிகளிலேயே அகப்பட்டிருக்கும். 65,536 மதிப்புகளில் 195 மட்டுமே தேறுகின்றன, சுழியத்தையும் சேர்த்து.

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 8.15

இன்னொரு விந்தையையும் இங்கேயே கேட்டுவிடுகிறேன். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் நான் வைத்திருக்கும் அமைப்பு, வரிசைப்படி: குடியிருப்பவர் அட்ரஸ் (கணக்கு முகவரி) வகை, அட்வான்ஸ் யூஇன்ட்64, தொடக்கம் யூஇன்ட்32, நாட்கள் யூஇன்ட்16, பகுதி (வட்டாரப் பெயர்) பைட்ஸ்32 (32 பைட் நீளத் தரவு). முதல் மூன்றும் சேர்ந்து 160, 64, 32 என்று சரியாக 256 பிட் ஆவதால் ஒரே ஸ்லாட்டில் (சேமிப்பில் 256 பிட் கொண்ட ஓர் அறை) அடங்கிவிடுகின்றன என்று சற்றே பெருமைப்பட்டிருந்தேன்.

நேற்று இரவு 330 நாள் ஓடியதும், அட்வான்ஸாக 15 ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) கட்டினேன். 15 என்றே பதிவானது. 20 ஈதர் கட்டியபோது பதிவானது 1.553 ஈதர்தான். ரிவர்ட் ஆகவில்லை, எச்சரிக்கையும் இல்லை. 0.8 எல்லை மீறலைப் பிடிக்கும் என்றால் இது எப்படித் தப்பியது? பதிவு செய்யும் வரியில் யூஇன்ட்64(எம்எஸ்ஜி.வேல்யூ) என்று இருக்கிறது; எம்எஸ்ஜி.வேல்யூ என்பது அனுப்பிய தொகை.

நான்காம்பிளாக் (ஜெயநகர்) | ஞாயிறு, காலை 9.40

தம்பி, இதுதான் இந்த இழையில் நான் சொல்ல விரும்பியது. 0.8 கொண்டுவந்த சோதனை கணக்குக்கு உரியது. கூட்டல், கழித்தல், பெருக்கல் ஆகியவற்றுக்கு உரியது. நீங்களே கைப்பட எழுதும் வகை மாற்றத்துக்கு அது பொருந்தாது. யூஇன்ட்64(...) என்று எழுதினால், "இதை 64 பிட்டுக்கு வெட்டு, விளைவை நான் அறிவேன்" என்று கம்பைலருக்குக் கையொப்பமிட்டுக் கொடுப்பதாகவே பொருள். அது மறுபேச்சின்றி வெட்டிவிடும்.

யூஇன்ட்64இன் உச்சம் 18446744073709551615. ஈதரின் மிகச் சிறிய அலகான வெய் கணக்கில் அது 18.446 ஈதர் மட்டுமே. 15 அடங்கியது, 20இல் 18.446 போக மிச்சம் 1.553 தங்கியது. மற்ற 18.446 ஈதர் காணாமல் போய்விடவில்லை, காண்ட்ராக்டின் இருப்பில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதற்கு உரிமையாளர் யார் என்ற குறிப்பு எங்கும் இல்லை. அட்வான்ஸைத் திருப்பித் தராத வீட்டுக்காரரை விரட்டப் போய், தாங்களே அவரைவிடத் திறமையான ஒருவரை நிரலாக எழுதியிருக்கிறீர்கள்.

ஒரே ஓர் இடத்தில் காவல் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் உங்கள் செயல்கூற்றை அழைக்கும்போது, யூஇன்ட்16 கேட்ட இடத்தில் 70,000 கொடுத்தால், 0.8 முதல் இயல்பாகவே பயன்படும் ஏபிஐ குறியாக்கி (அழைப்போடு வரும் தரவைப் பிரித்துப் படிக்கும் பகுதி) அதை வாசலிலேயே மறுத்துவிடும். வாசலில் காவலாளி இருக்கிறார். உள்ளே அறைக்கு அறை பொருளை நகர்த்தும்போது யாரும் பார்ப்பதில்லை. உள்ளே காவல் வேண்டுமானால் ஓப்பன்செப்பலின் சேஃப்காஸ்ட் நூலகத்தைப் பயன்படுத்துங்கள். மதிப்பு அடங்காவிட்டால் ரிவர்ட் செய்துவிடும்.

வார்ப்பு எழுதியிருப்பதே பாதுகாப்பு என்று கண் நம்பிவிடுவதுண்டு. 2018 ஏப்ரலில் பிஇசி என்ற டோக்கன் சூறையாடப்பட்ட நிரலை எடுத்துப் பாருங்கள். பலருக்கு ஒரே நேரத்தில் டோக்கன் அனுப்பும் செயல்கூற்றில், பெறுவோர் எண்ணிக்கையை யூஇன்ட்256(...) என்று மாற்றித்தான் தொகையோடு பெருக்கியிருந்தார்கள். அந்த எண்ணிக்கை ஏற்கெனவே யூஇன்ட், அதாவது யூஇன்ட்256தான்; ஆகவே அந்த மாற்றம் எதையும் மாற்றவில்லை. பெறுவோர் இருவர், தொகை 2இன் 255ஆம் அடுக்கு என்று கொடுத்ததும் பெருக்கல் விடை சுழியமானது, இருப்புச் சோதனையும் தேறிவிட்டது. படிப்பவர் கண்ணுக்கு மட்டும் அங்கே ஒரு தாயத்து கட்டியிருப்பது போல் தோன்றும்.

மல்லிகைச்சரம் (மல்லேஸ்வரம்) | ஞாயிறு, காலை 11.05

நான்காம்பிளாக் ஐயா சொன்னதில் சிறு திருத்தம். கைப்பட எழுதும் மாற்றங்களில் ஒன்றுக்குச் சோதனை உண்டு: எண்ணிலிருந்து ஈனம் (பெயரிட்ட சில நிலைகளை மட்டும் ஏற்கும் வகை) வகைக்கு மாற்றுவது. நான்கு நிலைகள் கொண்ட ஈனத்துக்கு 7 என்ற எண்ணை மாற்றினால் பேனிக் குறியீடு 33, ஹெக்ஸில் 21, வரும். மற்றபடி அவர் சொன்னது முழுவதும் சரி.

எனக்குக் கவலை அளிப்பது அந்தப் "பகுதி பைட்ஸ்32". வட்டாரப் பெயரைத் தமிழில் வாங்கி, பைட்ஸ்32(பைட்ஸ்(பெயர்)) என்று மாற்றுகிறீர்கள் என ஊகிக்கிறேன். நீளம் மாறும் பைட்ஸிலிருந்து நிலையான அளவுக்கு இப்படி நேரடியாக மாற்றுவது 0.8.5 முதல் அனுமதிக்கப்படுகிறது. நீளம் கூடினால் வெட்டும், குறைந்தால் வலப்புறம் சுழியங்களை நிரப்பும், இரண்டையும் வாய் திறக்காமல் செய்யும்.

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். உயிர்மெய்யில் மெய் தனி, உயிர்க்குறி தனி, புள்ளியும் தனி. அல்சூர் 7 குறி, 21 பைட், அடங்கும். எங்கள் மல்லேஸ்வரம் பார்வைக்கு ஏழே எழுத்து. எண்ணிப் பார்த்தால் ம, ல, புள்ளி, ல, ஏகாரக் குறி, ஸ, புள்ளி, வ, ர, ம, புள்ளி என 11 குறிகள், 33 பைட். ஒரே ஒரு பைட் கூடுதல்! கடைசிப் புள்ளியின் மூன்றாம் பைட் வெட்டுப்பட்டு, திரும்பப் படிக்கும்போது "மல்லேஸ்வரம" என்று வந்து, அதன் வாலில் ஒரு கருப்புக் கட்டமோ கேள்விக்குறியோ ஒட்டிக்கொண்டிருக்கும். இந்திராநகருக்கும் அதே 11 குறி, அதே கதி.

இதைவிட நுட்பமான ஒன்று கோரமங்களாவில் இருக்கிறது. "கோ" என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம்; ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முன்னது 27 பைட், பின்னது 30 பைட். கெக்காக்256 (தரவின் கைரேகை போன்ற ஹாஷ்) போட்டு ஒப்பிட்டால் இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 11.32

ஊகம் முற்றிலும் சரி அக்கா. இப்போதுதான் மல்லேஸ்வரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அதே வால். ஆனால் ஒன்று விளங்கவில்லை. 20 ஈதர் வெட்டப்பட்டபோது பெரிய பகுதி போய்ச் சிறியது மிஞ்சியது. பெயர் வெட்டப்பட்டபோது முன்பகுதி மிஞ்சி, கடைசி போயிற்று. ஒரே மொழியில் வெட்டு ஏன் இரண்டு திசையில் விழுகிறது?

நான்காம்பிளாக் | ஞாயிறு, பகல் 12.20

எண்ணுக்குத் தலை போகும், பைட்டுக்கு வால் போகும் என்று நினைவில் கொள்ளுங்கள். எண் வகைகள் 32 பைட் சொல்லின் வலப்புறம் ஒட்டி உட்காரும். பைட்ஸ்1 முதல் பைட்ஸ்32 வரையானவை இடப்புறம் ஒட்டி உட்காரும். ஹெக்ஸில் 12345678 என்ற யூஇன்ட்32ஐ யூஇன்ட்16 ஆக்கினால் 5678 கிடைக்கும். அதே 12345678ஐ பைட்ஸ்4 ஆக வைத்து பைட்ஸ்2 ஆக்கினால் 1234 கிடைக்கும். அகலப்படுத்தும்போதும் அப்படியே: எண்ணுக்கு முன்னால் சுழியம் சேரும், மதிப்பு மாறாது, பைட்டுக்குப் பின்னால் சேரும். இந்தக் குழப்பம் பலரைக் கவிழ்த்ததால்தான், 2018இல் வந்த 0.5.0 முதல், வெவ்வேறு அளவுள்ள பைட்ஸ் வகைக்கும் எண் வகைக்கும் இடையே நேரடி மாற்றத்தையே தடுத்துவிட்டார்கள். முதலில் அளவை மாற்றுவதா, முதலில் வகையை மாற்றுவதா என்று நாமே எழுதிக் காட்ட வேண்டும்.

சில்க்போர்டுசிக்னல் | ஞாயிறு, பகல் 1.48

இந்தத் தலை, வால் விஷயத்தில் நான் சூடு கண்டவன். வேறொரு பிளாக்செயின் சங்கிலியிலிருந்து வரும் செய்தியில் பெறுநரின் முகவரி பைட்ஸ்32 ஆக வந்தது. அட்ரஸ் என்பது 20 பைட் அல்லவா என்று அட்ரஸ்(பைட்ஸ்20(வந்தது)) என எழுதினேன். கம்பைலரும் ஒன்றும் சொல்லவில்லை. முகவரி அந்த 32 பைட்டில் வலப்புறம் இருந்தது, முன்னால் 12 சுழிய பைட்டுகள். நான் எடுத்ததோ இடப்புற 20 பைட்டை. 12 சுழியமும், முகவரியின் முதல் 8 பைட்டும் சேர்ந்த, உலகில் யாரும் திறக்க முடியாத ஒரு முகவரி கிடைத்தது. சோதனை டோக்கன்களை எல்லாம் அங்கே அனுப்பி வைத்தேன். சரியான வழி அட்ரஸ்(யூஇன்ட்160(யூஇன்ட்256(வந்தது))).

அதனால்தான் முதலிலேயே சொன்னேன், எல்லாவற்றையும் யூஇன்ட்256 ஆக வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஈவிஎம் (காண்ட்ராக்டுகளை ஓட்டும் எத்தீரியப் பொறி) எப்படியும் 32 பைட் சொற்களில்தான் கணக்குப் போடுகிறது. சிறிய வகைகளை உள்ளூர் மாறிகளாக வைத்தால், மேல் பிட்டுகளைத் துடைக்கும் வேலைக்குக் கேஸ் (நிரலை ஓட்டுவதற்கான கட்டண அலகு) கூடத்தான் செய்யும், குறையாது.

வெள்ளைக்களம் | ஞாயிறு, மாலை 4.15

உள்ளூர் மாறிகள் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஸ்டோரேஜ் (சங்கிலியில் நிலையாகச் சேமிப்பது) வேறு. சுழியமாக இருந்த ஸ்லாட் ஒன்றில் புதிதாக எழுதுவதற்கே 20,000 கேஸுக்கு மேல் ஆகிறது. அங்கே நெருக்கி அடுக்குவது கஞ்சத்தனமன்று. டோக்கன் பரிமாற்றத் தளமான யூனிஸ்வாப்பின் இரண்டாம் பதிப்பில் இரு இருப்புகளும் யூஇன்ட்112, நேரம் யூஇன்ட்32, ஆகமொத்தம் ஒரே ஸ்லாட். ஆனால், இருப்பை 112 பிட்டுக்குச் சுருக்கும் முன், அது அடங்குகிறதா என்று ரிக்வயர் (நிபந்தனை பொய்த்தால் ரிவர்ட் செய்யும் கட்டளை) வைத்துச் சோதிக்கிறார்கள். சுருக்குவது தவறன்று, சோதிக்காமல் சுருக்குவதே தவறு.

ஏரிக்கரை அவர்களின் அமைப்புக்கு வருகிறேன். முதல் மூன்றை ஒரு ஸ்லாட்டில் அடக்கினீர்கள். நாட்கள் என்ற யூஇன்ட்16 இரண்டாம் ஸ்லாட்டில் தனியாகக் குடியிருக்கிறது, 240 பிட் காலி வீடு. மாற்றி அடுக்கிப் பாருங்கள்: அட்ரஸ் 160, தொடக்கம் 40, நாட்கள் 16, மொத்தம் 216 பிட் முதல் ஸ்லாட்டில், அட்வான்ஸ் முழு யூஇன்ட்256 ஆக இரண்டாம் ஸ்லாட்டில். பகுதியைச் சேர்க்காமல் பார்த்தால் முன்பும் இரண்டு, இப்போதும் இரண்டு. அட்வான்ஸை 64 பிட்டுக்குச் சுருக்கியதில் உங்களுக்கு ஒரு ஸ்லாட்கூட மிச்சமாகவில்லை. அந்த வார்ப்பே தேவையில்லாதது. நேரத்தை 40 ஆக்கச் சொல்வது, யூஇன்ட்32 நொடிக்கணக்கு 2106 பிப்ரவரியில் தீர்ந்துவிடும் என்பதால். இடம் இருக்கும்போது ஏன் நெருக்க வேண்டும்?

வாடகையை டாலரில் நிர்ணயிக்கும் எண்ணம் இருந்தால் ஒன்று. செயின்லிங்க் எனும் சேவை சங்கிலிக்குத் தரும் விலை ஊட்டம் இன்ட்256 வகையில், கூட்டல் கழித்தல் குறியோடு வருகிறது. அதை யூஇன்ட்256 ஆக்கும் முன் சுழியத்தைவிடப் பெரியதா என்று பாருங்கள். எதிர்ம எண்ணாக இருந்தால், மாற்றியதும் 78 இலக்கப் பெருந்தொகையாகிவிடும். இன்ட்256இலிருந்து யூஇன்ட்128க்கு ஒரே தாவலில் போகவும் முடியாது. குறியை ஒரு படியிலும் அகலத்தை மறு படியிலும் மாற்றச் சொல்லி 0.8.0 வற்புறுத்துகிறது. இரண்டு படியிலும் தனித்தனியாக வழுக்கலாம்.

மல்லிகைச்சரம் | ஞாயிறு, மாலை 5.02

முதல் ஸ்லாட்டில் இன்னும் 40 பிட் காலியாக இருக்கிறது அல்லவா? பகுதியின் பெயரை ஏன் சங்கிலியில் எழுத வேண்டும்? அஞ்சல் குறியீட்டை எழுதுங்கள். மல்லேஸ்வரம் என்றால் 560003. ஆறு இலக்க எண் எதுவும் யூஇன்ட்24இல் அடங்கும். பெயரைத் தமிழில் காட்டுவது இணையப் பக்கத்தின் வேலை. பைட்ஸ்32 ஸ்லாட் முழுவதும் மிச்சம்.

ஏரிக்கரை | ஞாயிறு, இரவு 9.50

எல்லாவற்றையும் செய்துவிட்டேன். முன்பு மூன்று ஸ்லாட், இப்போது இரண்டு. அட்ரஸ் 160, தொடக்கம் 40, நாட்கள் 16, அஞ்சல் குறியீடு 24, மொத்தம் 240. அட்வான்ஸ் தனி ஸ்லாட்டில், வெட்டப்படாமல். நிரலில் கைப்பட எழுதிய வார்ப்பு என்று இப்போது எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ப்ளாக்.டைம்ஸ்டாம்பை யூஇன்ட்40 ஆக்கும் இடம். அதையும் சேஃப்காஸ்ட் வழியாகச் செய்கிறேன். நாட்களும் அஞ்சல் குறியீடும் செயல்கூற்றின் வாசலிலேயே தத்தம் வகையில் வருவதால் அங்கே வார்ப்பு வேண்டியிருக்கவில்லை.

நாட்களுக்கு 1 முதல் 330 வரை என்ற வரம்பை ரிக்வயர் வைத்துக் கட்டி, அந்த வரம்புக்குள் ஃபஸ் சோதனையும் ஓட்டினேன், தேறியது. 330 நாள், 20 ஈதர், 560003 என்று ஓர் ஒப்பந்தத்தைச் செபோலியாவில் புதிதாகப் பதிந்திருக்கிறேன். 20 ஈதர் 20 ஆகவே இருக்கிறது.

சில்க்போர்டுசிக்னல் | ஞாயிறு, இரவு 10.06

நேற்று இரவு அண்ணாவைக் கவிழ்த்த அதே யூஇன்ட்24ஐ இன்று கூப்பிட்டு வீட்டுக்குள் குடிவைத்திருக்கிறார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

வெள்ளைக்களம் | ஞாயிறு, இரவு 10.19

அஞ்சல் குறியீட்டை யாரும் 86,400ஆல் பெருக்கப் போவதில்லை. இருக்கட்டும்.